எதற்குத் தகுதியற்றவர்?

முதியவர் எழுதிக் கொடுத்த செட்டில்மென்ட் பத்திரத்தை எதிர்த்து வரும் பிராதுகளில் ஒரே வரி திரும்பத் திரும்பத் தென்படுகிறது: 'மேற்படி நபர் இன்கம்பிடென்ட், சித்த சுவாதீனம் இல்லாதவர்.' எந்தத் தேதியில், எந்தக் காரியத்துக்கு என்று தேடினால் பிராதில் பதில் கிடைக்காது. பத்திரத்தைப் புரட்டினாலோ, 'பூரண சுயநினைவுடனும் நல்ல சித்த சுவாதீனத்துடனும்' என்ற பழைய அச்சு வாசகம். இரு தரப்பு வரியும் அலுவலகக் கணினியில் முன்பே தயாராக இருந்தவை.

மைனர் விஷயத்தில் மட்டும் இந்தச் சோம்பல் செல்லும். வயதை நிரூபித்தால் போதும், ஒப்பந்தம் செல்லாது. 20,000 ரூபாய் அடமானத்தில் பிறந்த மோகரி பீபி வழக்கில் 1903-இல் பிரிவி கவுன்சில் அதைத் தீர்த்து வைத்துவிட்டது.

மனநிலை அப்படியல்ல. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு கேட்பது ஒன்றைத்தான்: கையெழுத்திட்ட அந்த நேரத்தில், அந்த ஒப்பந்தத்தைப் புரிந்துகொண்டு, தன் நலனுக்கு அதனால் விளைவது என்ன என்று அவரால் எடைபோட முடிந்ததா? வழக்கமாக மனநலம் குன்றியிருப்பவரும் தெளிந்திருக்கும் வேளையில் ஒப்பந்தம் செய்யலாம் என்று அதே பிரிவு சொல்கிறது.

உயிலுக்கு அளவுகோல் வேறு. 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவுக்குக் கீழுள்ள உதாரணங்களை நம்மில் பலர் சட்டக் கல்லூரியோடு விட்டுவிட்டோம். முதல் உதாரணத்தில் வருபவர் பக்கத்தில் நடப்பதை அறிகிறார், பழகிய கேள்விகளுக்குப் பதிலும் சொல்கிறார். ஆனால் தன் சொத்து எத்தகையது, உறவினர் யார் யார், யாருக்கு உயில் எழுதுவது முறை என்ற தெளிவு அவருக்கு இல்லை. அவர் எழுதும் உயில் செல்லாது. 'பெயர் சொன்னார், மகனை அடையாளம் காட்டினார்' என்ற மருத்துவர் சான்று உயில் வழக்கின் குறுக்கு விசாரணையில் ஏன் நிற்பதில்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. சான்று பொய்யல்ல, கேட்க வேண்டியதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

அதே முதியவர் சாட்சிக் கூண்டில் ஏறினால்? பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 124-ஆம் பிரிவுப்படி (பழைய சாட்சியச் சட்டத்தில் 118), கேள்வி புரிந்து அறிவுக்கு ஒத்த பதில் சொல்ல முடிந்தால் அவர் தகுதியுள்ள சாட்சி. உயில் எழுத இயலாதவர், வாசலில் நடந்த அடிதடியைக் கண்டவாறே சொல்லலாம். பிராதில் போட்ட ஒற்றை முத்திரை, கடைசியில் நம் கட்சிக்காரரின் சாட்சியத்துக்கே எதிராகத் திரும்பிய வழக்குகளும் உண்டு.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 32, விதி 15-லும் இதே கவனம் தேவை. அடுத்த நண்பரை நியமிக்கக் கோரும் மனுவோடு சான்றை இணைத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று நீதிமன்றத்தால் முன்பே அறிவிக்கப்படாதவரைப் பொறுத்தவரை, மனக்குறையால் தன் நலனைக் காத்துக்கொள்ள இயலாதவரா என்று நீதிமன்றம் விசாரித்தே முடிவு செய்ய வேண்டும்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தை இப்போது எல்லா மனுவிலும் சேர்க்கும் பழக்கம் பரவுகிறது. அதன் 4-ஆம் பிரிவு சிகிச்சை, பராமரிப்பு முடிவுகளுக்கானது. கிரையப் பத்திரத்தை அதை வைத்து அளக்க முடியாது. சொத்து வழக்கில் நமக்கு உதவக்கூடியது 3-ஆம் பிரிவின் 5-ஆம் உட்பிரிவு. மனநோய் இருப்பதாகக் கண்டறிந்ததாலேயே ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவராகக் கொள்ளக் கூடாது, தகுதிவாய்ந்த நீதிமன்றம் அப்படி அறிவித்திருந்தால் தவிர, என்கிறது அது. மருந்துச் சீட்டை மட்டும் ஆவணமாகக் குறியிட்டு வாதாட வருபவர்கள் முதலில் இதைத் தாண்டியாக வேண்டும்.