ஷிப்டுக்கு ஏற்ற கல்லூரி



சுங்குவார்சத்திரத்திலோ ஒரகடத்திலோ கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தால், “மேலே படிக்கணும்” என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். பிளஸ் டூ முடித்த கையோடு வேலைக்கு வந்தவர்கள். சம்பளத்துக்கு வீட்டில் ஆயிரம் செலவு காத்திருக்கிறது. படிக்கலாமென்றால், மாறி மாறி வரும் ஷிப்டுக்கு நடுவே எந்த மாலைக் கல்லூரிக்குப் போவது?

அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்களுக்குக் கைகொடுப்பவை சமுதாயக் கல்லூரிகள். 1901-ல் இலினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் தொடங்கிய வழக்கம். இரண்டாண்டுப் படிப்பில் அசோசியேட் பட்டம். ஒரே துறைக்குள் அடைபடாமல் கணிதம், கணினி, உளவியல், எழுத்து என்று கலந்து படிக்கலாம். பிறகு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேர்ந்து, பட்டத்தை முடிக்கவும் வழி உண்டு.

நமக்கும் இது புதிதல்ல. 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996-ல் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டமும் சமுதாயக் கல்லூரி தொடங்கின. சேசு சபைக் குரு சேவியர் அல்போன்ஸ் அதை ஓர் இயக்கமாகவே வளர்த்தார். அந்தக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் எனக்குப் பிடித்தது, கைத்தொழிலோடு வாழ்க்கைத் திறனையும் பாடமாக்கியதுதான். யுஜிசி 2014-ல் கொண்டுவந்த பி.வோக். படிப்பும் இதே குடும்பம்: ஓராண்டில் டிப்ளமோ, இரண்டாண்டில் அட்வான்ஸ்டு டிப்ளமோ, மூன்றாண்டில் பட்டம். அசோசியேட் பட்டத்துக்கு நம் ஊரில் நெருங்கிய சொந்தம் அந்த அட்வான்ஸ்டு டிப்ளமோதான். என்ன, கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் மவுசு அதற்கு இன்னும் வரவில்லை!

ஒரு வேலை தெரிந்தால் போதாதா என்று கேட்பவர்கள் நோக்கியாவை நினைத்துப் பார்க்கட்டும். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய ஆலை, 2014 நவம்பர் 1-ஆம் தேதி நின்றுபோனது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அதில் பெரும்பங்கு பெண்கள், லைனில் பழகிய வேலையோடு வெளியே வந்தார்கள். அந்த வேலைக்கு ஆள் கேட்க அருகில் இன்னொரு நோக்கியா இல்லை. கணக்குப் பதிவு, தரக் கட்டுப்பாடு, ஆங்கிலக் கடிதம், தொழிலாளர் சட்டம் ஆகியவற்றில் இரண்டு தெரிந்திருந்தாலும் அடுத்த கதவைத் தட்டுவது எளிதாக இருந்திருக்கும். ஒரகடம் அரசு ஐடிஐ-யில் 2023-ல் நவீனத் தொழில்நுட்ப மையம் திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் அங்கே ரோபோவை இயக்கக் கற்பவருக்குத் தன் சம்பளச் சீட்டையும் படிக்கத் தெரிய வேண்டும்.

வல்லம் வடகாலில் 2024-ல் பெண் தொழிலாளர்களுக்காக அரசு திறந்த தங்கும் விடுதியில் 18,720 படுக்கைகள். அத்தனை பெண்கள் ஒரே வளாகத்தில் தங்கும் இடத்துக்குக் கல்லூரி வருவதுதான் முறை. ஒரே பாடத்தைக் காலையிலும் மாலையிலும் நடத்தினால் எந்த ஷிப்டில் இருப்பவருக்கும் பாடம் தவறாது. அரசும் ஆலை நிர்வாகங்களும் இதை யோசிக்க வேண்டும்.

வேலை பார்த்துக்கொண்டே படித்து முடித்தவர்கள் எங்களுக்கு எழுதுங்கள். என்ன படித்தீர்கள், நேரம் எப்படிக் கிடைத்தது, அந்தச் சான்றிதழைப் பார்த்து கம்பெனி சம்பளத்தை உயர்த்தியதா? வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்