காணியின் விலையும் காணியின் விளைச்சலும்

“இந்தக் காணியை இப்போது விற்றால் என்ன விலைக்குப் போகும்?” ஊரை விட்டு வந்திருக்கும் கமக்காரர் மத்தியில் அடிக்கடி எழும் கேள்வி இது. கையில் காசில்லாத வேளையில் இப்படிக் கேட்பதில் தவறில்லை. ஆனால் இதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. அதை நமக்கு எடுத்துச் சொல்பவர் ஒரு கமக்காரர் அல்லர். உலகின் பெரும் செல்வந்தர்களுள் ஒருவரான அமெரிக்க முதலாளி வொரன் பஃபெற்.

1930 இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாகா நகரில் பிறந்தவர் இவர். 11 வயதில் முதன்முதலாகப் பங்கு வாங்கினார். 1965 இல் நலிந்துகொண்டிருந்த ஒரு துணி ஆலைக் கம்பனியைத் தம் வசமாக்கி, அதனைப் பல தொழில்களுக்கு உரிய பெரும் நிறுவனமாக வளர்த்தார். அந்தத் துணி ஆலையோ 1985 இல் மூடப்பட்டது. கூட்டாளிகளுக்கு ஆண்டுதோறும் அவர் எழுதிய கடிதங்கள் பேர்போனவை. 2014 இல் வெளிவந்த கடிதத்தில் தாம் வாங்கிய ஒரு கமத்தைப் பற்றிச் சொல்கிறார்.

1970களில் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் விவசாயக் காணிகளின் விலை மளமளவென்று ஏறியது. இன்னும் ஏறும் என்று எல்லோரும் நம்பினர். கிராமத்து வங்கிகளும் ஏறிய விலையைப் பார்த்துக் கடனை அள்ளிக் கொடுத்தன. 1980களில் வட்டி உயர்ந்து, விளைபொருள் விலை விழுந்தபோது காணி விலை பாதிக்கும் கீழே சரிந்தது. கமக்காரரும் முறிந்தனர், கடன் கொடுத்த வங்கிகளும் முறிந்தன.

அப்படி முறிந்த வங்கியொன்றிடம் ஈட்டில் இருந்த 400 ஏக்கர் கமத்தை, 1986 இல் பஃபெற் 280,000 டொலருக்கு வாங்கினார். சில ஆண்டுகளுக்கு முன் அதே காணியின் பேரில் வங்கி கொடுத்திருந்த கடனை விட இது மிகக் குறைவு. தமக்கு விவசாயம் தெரியாது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். விவசாயத்தில் விருப்பமுள்ள மகனிடம் கேட்டு, சோளமும் சோயாவும் எவ்வளவு விளையும், செலவு என்ன, மிஞ்சுவது என்ன என்று மட்டும் கணக்குப் பார்த்தார். போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் கிடைக்கும் என்று கண்டார். 28 ஆண்டுகளின் பின் அதன் வருமானம் மூன்று மடங்காகியிருந்தது. பெறுமதி ஐந்து மடங்குக்கும் மேல். இதற்கிடையில் அவர் அங்கே போய்ப் பார்த்தது இரண்டே தரம்.

பக்கத்துக் காணிக்காரன் நாள்தோறும் வேலியருகில் நின்று ஒரு விலையைக் கூவினால் அதற்காக நாம் கலங்க வேண்டுமா என்று அவர் கேட்கிறார். காணி என்ன விளைவிக்கும் என்பதே முதற்கேள்வி. என்ன விலை போகும் என்பது அதற்குப் பின்னதே.

ஆனால் இந்தக் கதையின் மறுபக்கத்தை நாம் மறக்கலாகாது. அந்த 400 ஏக்கரிலும் முன்பு உழுதவர்கள் இருந்தார்கள். மண் கெட்டதால் அந்நாட்களில் கமங்கள் கைமாறவில்லை. கடன் கழுத்தை நெரித்ததால் கைமாறின. பஃபெற்றும் தமது கணிப்பில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்: விளைச்சல் கெடும் ஆண்டு வரலாம்; ஆனால் காணியை விற்றே ஆகவேண்டிய நெருக்கடி தமக்கு ஒருபோதும் வராது. பொறுமை அவருடைய குணம் மட்டுமன்று, அவருடைய வசதியுமாகும். இதை அவரும் மறைக்கவில்லை. பங்களாதேசிலோ பெருவிலோ பிறந்திருந்தால், பொருந்தாத மண்ணில் விழுந்த விதைபோல் தமது திறமையும் பயனற்றுப் போயிருக்கும் என்று கூறியிருக்கிறார்.

ஆகவே நமக்குள்ள பாடம் “பொறுத்திருங்கள்” என்பதன்று. பொறுத்திருக்கக்கூடிய நிலையைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பதே. கலியாணச் செலவுக்கோ வாகனத்துக்கோ காணி உறுதியை ஈடு வைக்காதீர்கள். உழ முடியாத காணியை, முடியுமானால், நம்பிக்கையானவரிடம் எழுத்துமூலம் குத்தகைக்குக் கொடுங்கள். அவசரத் தேவைக்கு வட்டிக்காரரை நாடுமுன், நாலு குடும்பங்கள் சேர்ந்து சிறுகச் சிறுகச் சேமியுங்கள். தரகர் விலை சொன்னால், அந்தக் காணி நல்ல போகத்தில் எத்தனை மூடை தந்தது என்பதை முதலில் எழுதிப் பாருங்கள்.

1958 இல் 31,500 டொலருக்கு வாங்கிய வீட்டிலேயே பஃபெற் பல பத்தாண்டுகளாக வாழ்ந்து வருகிறார். அந்தப் பணத்தைப் பங்குகளில் போட்டிருந்தால் கூடிய இலாபம் கிடைத்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆயினும் அந்த வீடு தந்த நினைவுகளுக்காக அதைத் தமது மூன்றாவது சிறந்த முதலீடு என்கிறார். முதலிரண்டும் திருமண மோதிரங்களாம். அவருடைய குடும்ப வாழ்வு குறையற்றதன்று. முதல் மனைவி 1977 முதல் அவரைப் பிரிந்து வேறு நகரில் வாழ்ந்தார். அந்த வார்த்தையின் கனத்தை அவர் அறிந்தே சொல்லியிருப்பார்.

செல்வத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் பொதுப்பணிகளுக்கே என்று 2010 இல் உறுதி எழுதியபோதும், தமக்கு இதனால் எந்தக் குறையும் வராது, தம் குடும்பத்துக்குத் தேவையானதை விட்டுக் கொடுப்போரின் கொடையே பெரிது என்றார். பணத்திலும் அரியது நேரம். அதைத் தாம் கொடுக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார்.

விட்டு வந்த வீட்டை நினைக்கையில் நமக்கு முதலில் வருவது அதன் விலையன்று. முற்றத்து மரமும் கிணற்றடியும்தான். அந்த நினைவோடு விளைச்சலின் கணக்கையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். உறுதியில் கையெழுத்திடும் நாள் வந்தால், இரண்டையும் அறிந்தவர்களாக அவர்கள் இருக்கட்டும்.