பெண்களுக்குக் ‘கடுக்காய்’ கொடுக்கும் லேகியக்காரர்கள்!

பேரணாம்பட்டில் ஒரு காலத்தில் மாட்டுத்தோலைப் பதம் செய்த சரக்கு, இப்போது பெண்களின் தோலைப் பளபளக்க வைக்கும் என்று டப்பாவில் அடைத்து விற்கப்படுகிறது!

அந்தச் சரக்கு கடுக்காயும் ஆவாரையும்தான். குரோமிய உப்பு வந்து புகுவதற்கு முன்னால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு தோல் ஷாப்புத் தொட்டிகளில் ஊறிக் கிடந்தவை ஆவாரம் பட்டையும் கடுக்காயும். இப்போது ஆவாரம்பூவும் கடுக்காய்த் தூளும் ‘மேனி எழில் சூரணம்’, ‘மாதர் நல லேகியம்’ என்று விதவிதமான பெயரில் வருகின்றன.

“யக்கா! ஒரு மண்டலம் சாப்ட்டுப் பாருங்க. வவுறு சுத்தமாவும். மூஞ்சி பளபளன்னு ஆவும். நாப்பது வயசு இருபது மாதிரி தெரியும். பலன் இல்லேன்னா துட்டு வாபஸ்!”

வேனில் மைக் கட்டி வியாபாரம் செய்கிறவரின் பேச்சு இந்த ராகத்தில்தான் போகும். மலச்சிக்கல், வெள்ளைப்படுதல், மாதவிலக்குக் கோளாறு, கர்ப்பப்பைக் கட்டி, முகச் சுருக்கம், முடி உதிர்தல்... அத்தனைக்கும் ஒரே டப்பா! துட்டு வாபஸ் கேட்கப் போனால் வேன் அந்த இடத்தில் இருக்காது. அது வேறு கதை.

வயிறும் வயசும்

கடுக்காய் ஒன்றும் மட்டமான சரக்கு இல்லை. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்ததுதான் திரிபலா. யுனானி ஹகீம்களிடம் செரிமானத்துக்கென்றே ‘ஜவாரிஷ்’ என்று தனி வகை மருந்து உண்டு. பிள்ளை பெற்றவளுக்குச் சுக்கும் ஓமமும் போட்டு லேகியம் கிண்டாத வீடு ஏது? மலச்சிக்கல் தீர்ந்தால் வயிற்றில் பாரம் இறங்கும், பசி எடுக்கும், ராத்திரி தூக்கம் வரும், முகமும் கொஞ்சம் தெளியும். அதுவரைக்கும் சரி.

அந்த முகத் தெளிவை வைத்துத்தான் மிச்சம் வியாபாரம் நடக்கிறது. இப்படிப்பட்ட பொடிகளில் பலவற்றில் நிலாவரை இலை சேர்ப்பார்கள். நெல்லைச் சீமையில் விளைந்து வெளிநாடுகளுக்குக் கப்பலேறும் நல்ல பேதி மருந்து அது. நாலு நாள் போனால் எடை ஒரு கிலோ குறைந்தது போலத் தெரியும். குறைந்தது கொழுப்பு அல்ல, நீரும் மலமும்தான்! மாசக்கணக்கில் இதையே விழுங்கினால் உடம்பிலுள்ள பொட்டாசியம் உப்பு இறங்கும். கை கால் சோர்ந்து போகும். பிறகு பொடி இல்லாமல் வயிறு அசையாது என்ற நிலையும் வரலாம்.

முகம் ஏன் வெளுத்தது?

ஷூ கம்பெனியில் தையல் மிஷின் முன்னால் பொழுதெல்லாம் குனிந்து உட்காரும் பெண்ணுக்கு மலச்சிக்கல் வராமல் என்ன செய்யும்? அடிக்கடி பாத்ரூமுக்கு எழுந்து போக முடியாது என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறவர்கள் எந்தத் தொழிற்சாலையிலும் உண்டு. காலையில் டீ, மத்தியானம் ஆறிப்போன சோறு, அதற்கு மேல் இன்னொரு டீ. இதில் முகம் எப்படிப் பளபளக்கும்?

2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்த சோகை! வெளுத்த முகம், மூச்சு வாங்குதல், முடி உதிர்தல் என்று லேகியக்காரர் அடுக்குகிற பாதிக் குறைகளுக்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

இங்கேதான் வேடிக்கை. தோலைக் கெட்டிப்படுத்துவது கடுக்காயில் உள்ள துவர்ப்புச் சத்தான டானின். சோற்றோடு சேர்ந்து வயிற்றுக்குள் போனால், கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் ஒட்டவிடாமல் செய்வதும் அதே டானின்தான். டீயும் இதே வேலையைச் செய்யும். ரத்தம் இல்லாதவள் ரத்தம் ஊறும் என்று நம்பி, இருப்பதற்கும் வேட்டு வைத்துக்கொள்ளலாமா?

சித்த வைத்தியத்திலேயே ரத்த சோகைக்கு அன்னபேதிச் செந்தூரம் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து மாத்திரை காசில்லாமல் கிடைக்கிறது. மைக்காரர் இதையெல்லாம் சொல்வாரா?

நியூயார்க்கில் ஆறு பேர்

2011-12ல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ஆறு கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. விசாரித்தால், ஆறு பேரும் இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்து சாப்பிட்டவர்கள்! ஈயம் தாயோடு நிற்காது, வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். எல்லா மருந்தும் இப்படி என்று அர்த்தமில்லை. ஆனால் பெயரில்லாத டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பதை விற்கிறவரே அறிந்திருப்பாரா என்பது சந்தேகம்.

இன்னொரு ஆபத்து, நாள் கடத்துவது. மாதவிலக்கு நின்று போன பிறகு ரத்தம் பட்டால் அது கர்ப்பப்பைப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் ஒரு மண்டலம் லேகியம் தின்றுகொண்டிருந்தால் 48 நாள் வீண்.

சட்டம் தூங்குகிறதா?

மாதவிலக்குக் கோளாறைச் சரிசெய்யும், பெண்கள் வியாதியைத் தீர்க்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்யவே கூடாது என்று 1954லேயே மத்திய அரசு சட்டம் போட்டுவிட்டது. முதல் தடவை மாட்டினால் ஆறு மாதம் வரை ஜெயில் என்று அதில் எழுதி வைத்தார்கள். 2024ல் பதஞ்சலி நிறுவனத்தையே சுப்ரீம் கோர்ட்டு கூண்டில் ஏற்றாத குறையாக விசாரித்து, பத்திரிகைகளில் மன்னிப்பு விளம்பரம் போட வைத்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி. தெருமுனை வேனை மறித்து ஒரு டப்பாவைக் கையில் வாங்கிப் பார்க்க ஆள் இல்லையா?

பார்க்க வேண்டியது அதிகமில்லை. தயாரிப்பாளர் முகவரி, லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், சரக்குகளின் பட்டியல், காலாவதி தேதி. இவை இல்லாத டப்பா மருந்தே இல்லை. வாங்குகிற பெண்களும் இதைக் கேட்கலாம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் டாக்டரையோ, அரசு மருத்துவமனை சித்தா பிரிவையோ கேட்காமல் எந்தப் பொடியையும் தொட வேண்டாம்.

மாவட்ட சித்த மருத்துவ அலுவலரும் மருந்து ஆய்வாளரும் சம்பள நாள் சாயங்காலம் ஒரு நடை பேரணாம்பட்டுப் பக்கம் வந்து போவார்களா?