கொழு தேய்ந்தால் கலப்பையை எறிவதா?

நுழையும்முன்

ஒரு கருவியின் மெலிவும் பளபளப்பும் கண்ணுக்கு உடனே புலப்படுகின்றன. அதன் ஆயுள் அவ்வாறு புலப்படுவதில்லை. கடையில் திறன்பேசியைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் எடையை உணர்கிறார். திரையின் ஒளியைக் காண்கிறார். மூன்றாம் ஆண்டில் அது எப்படி இருக்கும் என்பதை அவரால் காண இயலாது. காண இயலாத அந்த ஆயுளை முடிவு செய்பவர் யார் என்னும் வினாவை எழுப்புகிறது இக்கட்டுரை.

தேயும் உறுப்பும் நிலைக்கும் உறுப்பும்

நிலத்தை உழும்போது ஏரின் கொழு தேயும். உழவர் அதனைக் கழற்றிக் கொல்லர் பட்டறையில் கூராக்கி வாங்குவார். அதற்கும் உதவாதபோது புதுக்கொழு மாட்டுவார். அம்மி வழவழப்பானால் கொத்தினர். பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் போனால் மீண்டும் பூசினர். மண்வெட்டியின் காம்பு முறிந்தால் வேறு காம்பு செருகினர். ஒரு கருவியில் தேயும் உறுப்பு எது, நிலைக்கும் உறுப்பு எது என்னும் தெளிவு நம் முன்னோரின் கைத்தொழிலில் இயல்பாகவே இருந்தது. தேய்வதை மாற்றுவதற்கு ஏற்ப அவர்கள் கருவியை அமைத்தனர்.

திறன்பேசியில் தேயும் உறுப்பு மின்கலம். ஆனால், இன்று விற்பனையாகும் பெரும்பாலான திறன்பேசிகளில் அதுதான் எளிதில் கழற்ற முடியாதபடி பசையால் ஒட்டி மூடப்பட்டிருக்கிறது. இது தொழில்நுட்பத்தின் கட்டாயமா, வடிவமைப்பாளரின் தேர்வா என்பதை ஆராய்வது அவசியம்.

மின்கலம் ஏன் தளர்கிறது?

லித்தியம் அயனி மின்கலத்தை 1991இல் சோனி நிறுவனம் வணிகமுறையில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதனை உருவாக்கியமைக்காக ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்போது குடினஃபின் வயது 97. கையடக்கக் கருவிகளின் உலகமே இம்மூவரின் உழைப்பின் மீது நிற்கிறது எனலாம்.

மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் ஒரு மின்முனையிலிருந்து மற்றொரு மின்முனையான கிராபைட்டுக்குள் சென்று தங்குகின்றன. பயன்படுத்தும்போது அவை திரும்பி வருகின்றன. ஒவ்வொரு பயணத்திலும் சிறிதளவு லித்தியம் கிராபைட்டின் மேற்பரப்பில் படலமாகப் படிந்து, மீண்டும் பயன்படாமல் போகிறது. வெப்பம் மிகுந்தால் இவ்விழப்பு விரைவுபடும். எனவே, சில நூறு முதல் ஆயிரம் மின்னேற்றச் சுற்றுகளுக்குள் மின்கலம் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழப்பது இயல்பே. இது குறையன்று, வேதியியலின் விதி. தேயும் என்று முன்பே தெரிந்த உறுப்பை மாற்ற முடியாதபடி அமைப்பதுதான் குறை.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை

எந்த வடிவமைப்பும் ஒன்றைப் பெறுவதற்காக மற்றொன்றை விட்டுக்கொடுப்பதே ஆகும். திரை பெரிதாகவும் ஒளிமிக்கதாகவும் இருந்தால் மின்னாற்றல் விரைந்து செலவாகும். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையைவிட 120 முறை புதுப்பிக்கப்படும் திரைக்குக் கூடுதல் ஆற்றல் வேண்டும். மின்கலத்தைப் பெரிதாக்கினால் பேசி தடிக்கும், எடை கூடும். மெலிவும் வேண்டும், நெடுநேர ஆற்றலும் வேண்டும் என்பது கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்னும் கதையாகிவிடும். எனவே, எதை விட்டுக்கொடுப்பது என்பதை யாரோ ஒருவர் தீர்மானித்தாக வேண்டும்.

அத்தீர்மானம் எவ்வாறெல்லாம் மாறக்கூடும் என்பதற்கு ஒரே நிறுவனத்தின் மூன்று திறன்பேசிகள் நல்ல சான்று. 2014இல் வெளிவந்த சாம்சங் கேலக்சி எஸ்5, 8.1 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. பின்மூடியைக் கையாலேயே திறந்து அதன் 2,800 மில்லிஆம்பியர் மணி மின்கலத்தை மாற்றலாம். மூடியைச் சரியாக அழுத்தி மூடினால் நீரும் உட்புகாது. அடுத்த ஆண்டின் எஸ்6, 6.8 மில்லிமீட்டராக மெலிந்தது. அதன் மின்கலம் 2,550ஆகச் சுருங்கியது. கழற்ற முடியாததாகவும் ஆயிற்று. நீர்புகாத் தன்மையும் போயிற்று. 2016இன் எஸ்7 மீண்டும் 7.9 மில்லிமீட்டராகத் தடித்தது. மின்கலம் 3,000ஆக உயர்ந்தது. நீர்புகாத் தன்மையும் திரும்பியது. ஆனால், மின்கலத்தைப் பயனர் தாமே மாற்றும் வசதி மட்டும் திரும்பவில்லை.

ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே மிகுந்த மெலிவுக்காக எத்தனை நன்மைகள் கைவிடப்பட்டன என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. கழற்றும் மூடியும் நீர்புகாத் தன்மையும் ஒரே கருவியில் அமைய முடியும் என்பதையும் காட்டுகின்றன.

மறுதரப்பின் நியாயம்

மறுதரப்பினரின் வாதத்தையும் கேட்பதே அறம். பயனர் கையாளும் மின்கலத்துக்குக் கெட்டியான உறை தேவை. அவ்வுறை இடத்தை அடைத்துக்கொள்வதால், அதே இடத்தில் அமையும் ஆற்றல் குறையும். மூடியை ஒட்டிவிட்டால் நீரையும் தூசியையும் தடுப்பது எளிது. தரமற்ற போலி மின்கலங்களைப் பொருத்தித் தீங்கு தேடிக்கொள்ளும் இடரும் குறையும். இவை புறந்தள்ளத்தக்க வாதங்கள் அல்ல.

ஆயினும், மூடி ஒட்டியதனாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. 2016 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த கேலக்சி நோட் 7, மின்கலங்கள் தீப்பற்றியதால் இரண்டே மாதங்களில் அடியோடு நிறுத்தப்பட்டது. அதன் மின்கலமும் பயனர் கழற்ற முடியாததே. முதலில் பொருத்தப்பட்ட மின்கலங்களின் உறையில் போதிய இடமின்றி மேல்மூலையில் மின்முனைகள் வளைந்ததே காரணம் என்று அடுத்த ஆண்டு சனவரியில் அந்நிறுவனமே அறிவித்தது. பாதுகாப்பைத் தருவது தரமான வடிவமைப்பும் சோதனையுமே, பசையன்று.

மறைக்கப்பட்ட முதுமை

2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. மின்கலம் தளர்ந்த சில ஐபோன்கள் திடீரென அணைந்துவிடாமல் இருக்க, அவற்றின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்திருந்தது. நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால், பயனருக்கு அது தெரிவிக்கப்படவில்லை. தம் பேசியே பழுதாகிவிட்டது என்று எண்ணிப் புதியது வாங்க நினைத்தவர்களுக்கு, மின்கலத்தை மாற்றினாலே போதும் என்பது பின்னரே தெரிந்தது. அந்நிறுவனம் மின்கலம் மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. பயனருக்குத் தெரிவிக்காமை குறித்து 2020இல் பிரான்சு நாடு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது.

இங்கே சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. தளர்ந்தது ஓர் உறுப்பு. தளர்ந்ததாகத் தோன்றியது முழுக்கருவி. அத்தோற்றத்தால் இழப்பு யாருக்கு? தவணை முறையில் பேசி வாங்கி, அதை மூவர் பகிர்ந்து படிக்கும் குடும்பத்துக்கே முதலில் இழப்பு. நண்பகலிலேயே ஆற்றல் தீர்ந்துவிடும் பேசி, படிக்கும் மாணவரின் பாடத்தை இடையில் அறுக்கிறது; அன்றாடக் கூலியாளரின் வேலை அழைப்பைத் தவறவிடச் செய்கிறது.

இழப்பு நிலத்துக்கும் உண்டு. 5,000 மில்லிஆம்பியர் மணி மின்கலம் ஒருமுறை கொள்ளும் ஆற்றல் ஏறத்தாழ 19 வாட் மணிதான். நாள்தோறும் மின்னேற்றினாலும் ஓராண்டுக்குப் பத்து யூனிட் மின்சாரம்கூட ஆகாது. திறன்பேசியால் சூழலுக்கு நேரும் சுமையில் பெரும்பகுதி அதைப் பயன்படுத்துவதால் வருவதன்று. உற்பத்தி செய்வதால் வருவது. காங்கோ நாட்டுச் சுரங்கங்களின் கோபால்ட்டும், சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்து உப்புநீரிலிருந்து பிரிக்கப்படும் லித்தியமும் நம் சட்டைப்பைக்குள் இருக்கின்றன. ஒரு பேசியை இரண்டாண்டு கூடுதலாகப் பயன்படுத்துவதே அந்நிலங்களுக்கும் மக்களுக்கும் நாம் செய்யும் நன்றி.

சட்டமும் சந்தையும்

சந்தை தானே திருந்தும் என்று காத்திருக்காமல் சில அரசுகள் முன்வந்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 சூன் 20 முதல் விற்பனைக்கு வரும் திறன்பேசிகளின் மின்கலம், 800 சுற்றுகளுக்குப் பிறகும் குறைந்தது 80 விழுக்காடு கொள்ளளவைக் காக்க வேண்டும். முக்கிய உதிரி உறுப்புகள், விற்பனை நின்ற பிறகும் ஏழாண்டுகள் கிடைக்க வேண்டும். 2027 பிப்ரவரி முதல், சில விலக்குகளுடன், மின்கலத்தைப் பயனரே கழற்றி மாற்ற இயல வேண்டும் என்னும் விதியும் நடைமுறைக்கு வருகிறது. நெதர்லாந்தின் ஃபேர்போன் நிறுவனம் பயனரே கழற்றத்தக்க மின்கலம் கொண்ட பேசிகளைச் செய்து, இது இயலும் என்று காட்டி வருகிறது.

இந்திய அரசின் நுகர்வோர் நலத்துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையவாயிலை 2022 டிசம்பரில் தொடங்கியது. நல்ல தொடக்கமே, ஆயினும், தகவல் தருவதோடு அது நின்றுவிடலாகாது. மின்கலம் எத்தனை சுற்றுகள் தாங்கும், மாற்ற என்ன செலவாகும், உதிரி உறுப்புகள் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும் என்பவற்றைப் பெட்டியின்மீதே அச்சிடுவது கட்டாயமாக்கப்பட வேண்டும். திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் திறன்பேசிகள் உருவாகின்றன. சென்னை ரிச்சி தெருவில் அவை பழுது நீக்கப்படுகின்றன. செய்யும் கையும் சீராக்கும் கையும் உள்ள தமிழகம் இக்கோரிக்கையை எழுப்புவது பொருத்தமே.

நாம் கேட்க வேண்டியவை

மாணவர்களே! மின்னேற்றும்போது பேசியைத் தலையணைக்கடியில் வைக்காதீர்கள், வெயிலில் விடாதீர்கள், புடைத்த மின்கலத்தைக் குத்தவோ அழுத்தவோ செய்யாதீர்கள். இவை பயனரின் கடமைகள். கடமையைச் செய்பவருக்கு உரிமையும் உண்டு. அடுத்த முறை ஒரு திறன்பேசியை வாங்கும்போது, எத்தனை மெலிது என்று கேட்பதற்கு முன்னர், இதன் மின்கலத்தை மாற்ற முடியுமா, எங்கே, என்ன விலைக்கு என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரிக்கக்கூடும். நூறு பேர் கேட்டால் அவர் நிறுவனத்தைக் கேட்பார். ஆயிரக்கணக்கானோர் கேட்டால் நிறுவனம் தன் வடிவமைப்பை மாற்றும். கருவியின் ஆயுளை முடிவு செய்வதில் அதனைப் பயன்படுத்துபவருக்கும் பங்குண்டு என்பதை அந்த வினாக்களே நிலைநாட்டும்.