மண் புளித்தது இயற்கையால் மட்டுமல்ல

வடக்குக் காடுகளின் மண் இயல்பிலேயே அமிலத்தன்மை கொண்டது. ஆகவே அமில மழை அதற்குப் புதிதாகக் கேடு எதையும் செய்யவில்லை என்ற வாதம் பாதி உண்மையை முழு உண்மையாக்குகிறது. ஊசியிலைச் சருகு மட்கி அமிலம் பிறப்பது மெய்தான். ஆனால் அந்தக் கரிம அமிலங்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். அலுமினியத்தையும் பிணைத்து, நச்சைக் குறைக்கும். நிலக்கரிப் புகையிலிருந்து வரும் சல்பேட் அப்படித் தங்குவதில்லை. மண்ணின் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் இழுத்துக்கொண்டு ஓடைக்குப் போய்விடுகிறது. அவை வற்றிய மண்ணில் அலுமினியம் கரைந்து வேரையும் மீனையும் தாக்குகிறது. அமிலம் எவ்வளவு என்பதை மட்டும் பார்த்து, எந்த அமிலம் என்று பார்க்காததே இந்த வாதத்தின் பிழை.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரிலுள்ள ஹப்பார்ட் புரூக் காட்டில் 1963 முதல் மழைநீரும் ஓடைநீரும் அளக்கப்படுகின்றன. 1990இல் தூய காற்றுச் சட்டம் திருத்தப்பட்ட பின் கந்தகப் புகை வெகுவாகக் குறைந்தது, மழை தெளிந்தது. மண் அந்த வேகத்தில் தேறவில்லை. பாறை சிதைந்து கால்சியம் மீள்வது மிக மெதுவான வேலை. 1999இல் அங்கே ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஹெலிகாப்டரிலிருந்து வோலஸ்டோனைட் என்னும் கால்சியம் சிலிக்கேட் தூவப்பட்டது. நலிந்திருந்த சர்க்கரை மேப்பிள் மரங்கள் அங்கே தழைத்தன. தூவப்படாத பக்கத்தில் நலிவு நீடித்தது.