பதிவேட்டிலும் அரைப்பேரா?

இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில் அமைந்தது நுவரெலியா மாவட்டத்துப் பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து 6,226 அடி என்பதை நிலையத்துப் பெயர்ப்பலகையே கூறும். மண்ணின் உயரத்தை இவ்வளவு துல்லியமாக அளந்து வைத்திருக்கும் நாடு, அம்மண்ணில் வளரும் பிள்ளைகளின் உயரத்தையும் அளந்து பார்த்தது. அதன் விளைவு என்ன? 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு ஏறக்குறைய 17 பேர்; தோட்டப்புறத்திலோ நூற்றுக்கு ஏறக்குறைய 32 பேர்! தேயிலையை உலகுக்கு வழங்கும் கைகள் தம் பிள்ளைகளுக்குப் போதிய ஊட்டம் வழங்க இயலாத நிலையை இதைவிடத் தெளிவாக எடுத்துரைக்க வேறு சான்று வேண்டுமோ?

ஆனால் இந்த எண் ஒரு சராசரியே. எந்தத் தோட்டத்தில், எந்தப் பிரிவில், எந்த லயத்தில் நிலைமை மிக மோசம் என்பதை அது கூறாது. கருவுற்ற எந்தத் தாய்க்கு இன்றே உதவி தேவை என்பதையும் கூறாது. இவற்றைக் கூறவல்ல ஒரு கருவி இன்று அறிஞர் கையில் வந்திருக்கிறது. அதுவே செயற்கை நுண்ணறிவு. ஆயிரமாயிரம் நோயாளரின் பதிவுகளைக் கற்று, அவற்றில் மறைந்து கிடக்கும் ஒழுங்கைக் கண்டு, வரவிருக்கும் ஆபத்தை முன்கூட்டியே சுட்டிக்காட்டும் கணினி முறை அது.

மலைநாட்டுக்கு அண்மையில் இப்பணிக்கென்றே அமைந்தது போல் நிற்பது பேராதனைப் பல்கலைக்கழகம். 1942இல் கொழும்பில் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு வந்தது. 1962இல் அங்கு மருத்துவ பீடம் உருவாயிற்று. இன்று பல துறையினரும் ஒருங்கு கூடும் செயற்கை நுண்ணறிவு ஆய்வு மையமும் அங்கு இயங்குகிறது. மருத்துவரும் பொறியியலாளரும் ஒரே வளாகத்தில் இருக்கும் இவ்வாய்ப்பை நாம் மனமார வரவேற்கிறோம். எனினும் ஒரு கேள்வியை எழுப்பாமல் இருக்க முடியாது. இயந்திரம் யாருடைய பதிவுகளைக் கற்கப் போகிறது?

குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காத பெண்ணுக்கு அன்றைய நாளுக்கு 'அரைப்பேர்' போடுவது தோட்டத்து வழக்கம். உடல்நலப் பதிவேடுகளிலும் தோட்ட மக்களுக்கு நெடுங்காலமாக விழுந்து வருவது அரைப்பேரே என்போம். தமிழ்ப் பெயர் ஆங்கில எழுத்தில் ஒரு விதமாகவும், சிங்கள எழுத்தில் வேறு விதமாகவும், பிறப்புச் சான்றிதழில் மற்றொரு விதமாகவும் எழுதப்படுகிறது. தந்தை பெயர் ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் நிற்கும். லயத்து அறைகள் பலவற்றுக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் வந்து சேருவதே தோட்டக் கந்தோருக்குத்தான். இத்தகைய பதிவுகளை இயந்திரத்திடம் கொடுத்தால் ஒரு தாயை மூன்று தாயராக அது எண்ணக்கூடும். மூன்று தாயரை ஒருத்தியாகவும் எண்ணக்கூடும். விதை பதராயின் விளைச்சல் எவ்வாறிருக்கும் என்பதை எம் விவசாயிகளுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு பல்கலைக்கழகம் செம்மையாக முயன்றால் என்ன நிகழும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. கருவின் வயதை ஸ்கேன் அளவுகளைக் கொண்டு கணிக்கும் சூத்திரங்கள் மேலைநாட்டுத் தாய்மாரை வைத்து வகுக்கப்பட்டவை. அவையே நம் பெண்களுக்கும் பொருந்தும் என்று நெடுநாள் எண்ணப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யும் பரீதாபாத்திலுள்ள இந்திய அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனமும் கூடி, குருகிராம் அரசு வைத்தியசாலைக்கு வந்த கருவுற்ற தாய்மாரின் பதிவுகளைக் கொண்டு 'கர்ப்பிணி' என்னும் புதிய கணிப்பு முறையை ஆக்கின. கருவுற்ற நடு மாதங்களிலும் இறுதி மாதங்களிலும் வயதைக் கணிப்பதில் ஏற்படும் பிழையை இம்முறை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைத்ததென 2024இல் அறிவிக்கப்பட்டது. அரசு வைத்தியசாலையின் வரிசையில் நின்ற ஏழைத் தாய்மாரின் பதிவு செம்மையாக எழுதப்பட்டதாலன்றோ இது கைகூடிற்று?

மாறாக நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா சான்று பகரும். அங்கே யாருக்குக் கூடுதல் மருத்துவக் கவனிப்பு தேவை என்று தெரிவு செய்ய ஒரு கணிப்பு முறை பயன்படுத்தப்பட்டது. ஒருவருக்காகச் செலவாகும் பணத்தையே அவருடைய நோயின் அளவாக அம்முறை கொண்டது. கறுப்பின மக்களின் மருத்துவத்துக்குச் செலவானதோ குறைவு. எனவே அவர்கள் நலமாக இருக்கிறார்கள் என்று இயந்திரம் முடிவு கட்டியது! 2019இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வு இக்குறையை வெளிப்படுத்திற்று. கூடுதல் உதவிக்குத் தெரிவானோருள் கறுப்பினத்தார் நூற்றுக்கு 17.7 பேராக இருந்தனர். பிழையைத் திருத்தினால் அத்தொகை 46.5 ஆக உயரும் என அது காட்டிற்று. இயந்திரத்துக்கு இன வெறுப்பு இல்லை. ஆனால் அநீதியான கணக்கைக் கற்ற இயந்திரம் அநீதியையே ஒப்புவிக்கும்.

இதை மலையகத்தில் பொருத்திப் பாருங்கள். அன்றைய பேர் போய்விடுமே என்ற அச்சத்தால் காய்ச்சலோடு மலையேறும் பெண் வைத்தியசாலையின் கணக்கில் வரமாட்டாள். வராதவளை இயந்திரம் நோயற்றவள் என்று எண்ணும். வெளிநோயாளர் குறைந்த இடத்துக்கு வைத்தியரும் மருந்தும் எதற்கு என்று அதிகாரம் கேட்கும். பட்டிப்பொல, அம்பேவல பகுதிகளில் உருளைக்கிழங்கும் கரட்டும் கோவாவும் பயிரிடும் விவசாயியின் நிலையும் இதற்கு வேறானதன்று. எந்த நாளில் எந்த மருந்தை எவ்வளவு அடித்தான் என்பது அவனுடைய நோய்ச் சீட்டில் ஏறாவிடில், பின்னர் வரும் நோய்க்குக் காரணத்தை எந்த இயந்திரம் கண்டுபிடிக்கும்? அவ்விவசாயி தமிழனாயினும் சிங்களவனாயினும் நட்டம் ஒன்றே.

பதிவேட்டிலிருந்து விலக்கப்படுவதன் பொருளை மலையக மக்கள் அளவுக்கு அறிந்தவர் இந்நாட்டில் வேறெவருமிலர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று; வாக்காளர் இடாப்பிலிருந்தும் அவர் பெயர்கள் மறைந்தன. எஞ்சியிருந்தோருக்கு வழி திறந்த சட்டம் வந்ததோ 2003இல். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு இந்தியத் தமிழரின் தொகையை 839,504 என்றது; இலங்கைத் தமிழர் எனப் பதிந்துகொண்ட மலையகத்தார் அதில் அடங்கார். எண்ணிக்கை குறைந்தால் உரிமையும் குறையும் என்பதே அம்மக்கள் பெற்ற பாடம். அன்று அரசாங்கத்தின் ஏட்டில் நடந்தது நாளை கணினியின் ஏட்டில் நடத்தலாகாது.

"முதலில் வீட்டையும் சோற்றையும் கேளுங்கள், இயந்திரம் பின்னர் வரட்டும்" என்று சொல்வோர் உளர். வீடும் சோறும் முதன்மையானவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகளின் உயரத்தை அளந்திராவிடில் அந்த 32 என்னும் எண்ணை எடுத்துக் காட்டி நாம் வாதாட முடிந்திருக்குமா? சரியான கணக்கு ஏழையின் கையில் இருக்கும் வழக்கறிஞன்.

ஆகவே பல்கலைக்கழகத்தாரிடம் நாம் கோருவன இவை. நுவரெலியா மாவட்டத்தின் தோட்டங்களையும் மரக்கறிக் கிராமங்களையும் சேர்த்து, தாயையும் பிள்ளையையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் நீண்டகால ஆய்வொன்றைத் தொடங்குக. பெயரும் விவரமும் தமிழிலும் எழுதப்படுக. தமிழும் ஆட்சிமொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் கூறுவது ஏட்டளவில் நின்றுவிடலாகாது. ஆய்வுக்கான சம்மதத்தை அந்தந்தத் தாயிடமே, அவளுக்கு விளங்கும் தமிழில், மறுக்கும் உரிமையையும் எடுத்துச் சொல்லிப் பெறுக. தோட்டத்துரையின் கையொப்பம் தொழிலாளியின் சம்மதமாகாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நல விவரங்களைத் தனிக் காப்புக்குரியவையாக வகுத்துள்ளது. நோயாளியின் விவரம் வேலை கொடுப்போரின் மேசைக்குச் செல்லாதவாறு பல்கலைக்கழகம் காவல் நிற்க வேண்டும். கண்டறிந்த முடிவு ஆங்கிலச் சஞ்சிகையோடு நின்றுவிடாமல், மருத்துவமாதின் கைக்கும் பிள்ளை மடுவத்துக்கும் வந்து சேர வேண்டும்.

எம் படித்த மக்களுக்கும் இதில் பங்குண்டு. மலையகத்தில் பிறந்து வைத்தியராகவும் ஆசிரியராகவும் கணினிப் பொறியியலாளராகவும் உயர்ந்தோர் இன்று பலர். மக்களின் மொழியும் பெயரும் பழக்கவழக்கமும் அறிந்த அவர்கள் இவ்வாய்வில் மொழிபெயர்ப்பாளராக மட்டும் அமர்த்தப்படாமல், ஆய்வாளராகவே இடம்பெற வேண்டும். அதற்கான புலமைப்பரிசில்களைப் பல்கலைக்கழகம் ஒதுக்க வேண்டும்; அதனைக் கேட்டுப் பெறும் துணிவு நம்மவர்க்கு வேண்டும்.

மலையகத் தமிழர் இம்மண்ணுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை 2023இல் நினைவுகூர்ந்தோம். அவர்கள் பறித்த கொழுந்தின் நிறை ஒரு நாளும் தவறாமல் எழுதப்பட்டது. பறித்தவரின் உடல்நிலையையும் அதே கண்டிப்போடு எழுதுங்கள் என்பதே நமது கோரிக்கை. அறிவுலகத்தின் புதிய ஏடு இப்பொழுதுதான் திறக்கப்படுகிறது. அதில் எம்மக்களுக்கு முழுப்பேர் விழ வேண்டும்.