டார்ச் பிடித்தவள்

எங்கள் வீட்டில் என் கைக்குக் கொடுக்கப்பட்ட முதல் கருவி டார்ச் லைட். அப்பா சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு சந்துக்குள் ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். பள்ளி விட்டதும் அங்கே போய்விடுவேன். கெல்வினேட்டரோ ஆல்வினோ முதுகைக் காட்டி நிற்கும். அப்பா அதன் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "பாப்பா, இப்படிக் காட்டு" என்பார். காட்டுவேன்.

வெளிச்சம் காட்டியபடியே கற்றுக்கொண்டேன். கம்ப்ரஸர் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டு அடங்கினால் முதலில் ரிலேயைப் பார்க்க வேண்டும். மோட்டார் ஓடியும் குளிர் இல்லையென்றால் கேஸ் போயிருக்கலாம்; இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் கசியும் இடத்தில் குமிழி கிளம்பும். ஃபிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துப் பின்பக்கமாக வெளியே தள்ளுகிறது என்பதை அறிவியல் புத்தகத்துக்கு முன்பே என் உள்ளங்கை அறிந்திருந்தது.

என் அண்ணனுக்கு இந்த வேலை பிடிக்காது. கடைப் பக்கமே தலைகாட்ட மாட்டான். ஆனால் பத்தாவது முடிந்ததும் அவனைத்தான் ஐடிஐயில் சேர்க்க அலைந்தார்கள். அவன் அழுது அடம்பிடித்து பி.காம். போனான். "கடையைப் பார்த்துக்க ஆள் இல்லாமப் போச்சே" என்று அப்பா வருந்தியபோது நான் அவருக்குப் பக்கத்தில்தான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைத் திரும்பிப் பார்க்க அவருக்கும் தோன்றவில்லை, "நான் இருக்கேனே" என்று சொல்ல எனக்கும் தோன்றவில்லை. தமிழ் படித்தேன், முனைவர் பட்டம் வாங்கினேன், கவிதை எழுதுகிறேன். கடை என்றைக்கோ மூடிவிட்டது. தமிழ் என்னை நன்றாகத்தான் வைத்திருக்கிறது, அதில் எனக்குக் குறையில்லை. இந்தக் கட்டுரைக்குக் காரணம் நான் செய்த வேறொரு காரியம்.

ஆறேழு ஆண்டுகளுக்கு முன் பி.ஏ. தமிழ் முதலாண்டு மாணவி ஒருத்தி துறை அறைக்கு வந்தாள். கூவக்கரை வீட்டை இடித்து, குடும்பத்தைப் பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பியிருந்தார்கள். விடியற்காலையில் பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வருவாள். "மேடம், காலேஜை விட்டுட்டு ஐடிஐ சேரலாம்னு இருக்கேன். ஏசி மெக்கானிக்" என்றாள். நான் சொன்ன பதில் இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது: "அசடு மாதிரி பேசாதே. டிகிரியை முடி." ஃபிரிட்ஜ் மெக்கானிக்கின் மகள், பெண்ணியம் பேசுகிறவள், மேடைகளில் உழைக்கும் பெண்களைப் பற்றிக் கவிதை வாசிக்கிறவள் சொன்ன பதில் இது. அவள் டிகிரியை முடித்தாள். இப்போது தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை விரிக்கிறாள். நாள் முழுக்க நிற்கிற வேலை. கடைப் பணியாளர்கள் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டமே திருத்த வேண்டியிருந்தது. அந்த வேலைக்குத்தான் என் அறிவுரை அவளை அனுப்பியது.

ஆகவே நான் முதலில் குற்றம் சாட்டுவது என்னையும் என்னைப் போன்ற ஆசிரியைகளையும்தான். ஐடிஐ என்றாலே நமக்கு முகம் சுருங்குகிறது. மதிப்பெண் குறைந்தவர்களை, அதுவும் ஆண்பிள்ளைகளை ஒதுக்கும் இடம் அது என்ற பொதுப்புத்தி கல்லூரி வளாகத்துக்குள் நன்றாகவே வேர்விட்டிருக்கிறது. கையால் செய்யும் வேலையைக் கீழாக வைத்த சாதியப் பார்வைக்குப் பட்டப்படிப்பு முலாம் பூசி, "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று அக்கறையாக வழங்குகிறோம்.

இனி மற்றவர்களிடம் வருகிறேன்.

"பளு தூக்க முடியாது" என்பார்கள். ஒன்றரை டன் ஏசியின் அவுட்டோர் யூனிட் கனமானதுதான். மாடியில் மாட்ட வரும் ஆண்களும் அதைத் தனியாகத் தூக்குவதில்லை, கூட ஒரு ஆள் வருகிறார், கயிறு வருகிறது. இதைச் சொல்கிறவர்களைச் சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் அழைத்துப்போக வேண்டும். ஐஸ் கொட்டிய மீன் கூடையைத் தலையில் ஏற்றி, தண்ணீர் கழுத்தில் வழிய நடக்கும் பெண்களிடம் இந்த வாதத்தைச் சொல்லிப் பார்க்கட்டும். கட்டட வேலையைப் பாருங்கள். செங்கல்லும் கலவையும் சுமந்து மாடி ஏறுகிறவள் சித்தாள். முப்பது வருடம் ஏறினாலும் அவள் சித்தாள்தான். அவள் கையிலிருந்து கலவையை வாங்கிப் பூசுகிற ஆள் சில வருடங்களில் கொத்தனார் ஆகிவிடுகிறார். கனமான வேலையைப் பெண்ணுக்குக் கொடுக்க இந்தச் சமூகம் ஒருநாளும் தயங்கியதில்லை. கரண்டியும் மட்டப்பலகையும் பிடிக்கிற, கூலி கூடுகிற வேலை என்றால்தான் அவள் உடம்பைப் பற்றி அதற்குத் திடீர்க் கவலை வருகிறது.

"கரண்ட் ஆபத்து" என்பது அடுத்தது. மிக்சி, கிரைண்டர், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ் என்று வீட்டில் கரண்டை அதிகம் தொடுகிறவள் யார்? எர்த் சரியில்லாத கிரைண்டரில் ஈரக்கையோடு ஷாக் வாங்குகிறவள் யார்? தொடலாம், திறந்து பார்க்கக் கூடாது என்பதுதான் விதி போலிருக்கிறது. இங்கிலாந்தில் 1924-ல் கரோலின் ஹாஸ்லெட் பெண்களுக்கான மின்சாரச் சங்கம் ஒன்றை நடத்தத் தொடங்கினார். வீட்டு மின் இணைப்புகளை ஆராய 1942-ல் அமைந்த இருபது பேர் குழுவில் அவர் ஒருவர்தான் பெண். குழந்தை விரலை விட்டாலும் ஷாக் அடிக்காதபடி மூடி வைத்த பிளக் பாயிண்ட் அந்தக் குழுவின் வேலையிலிருந்து வந்தது. பக்கத்துத் தெலங்கானாவில் ஜூனியர் லைன்மேன் வேலைக்குப் பெண்கள் நீதிமன்றம் போய்த்தான் விண்ணப்பிக்கும் உரிமை பெற்றார்கள். அப்படிப் போன சிரிஷா கம்பம் ஏறிக் காட்டி 2021-ல் வேலையில் சேர்ந்தார். ஏசி மாட்டுகிற ஆண்கள் இடுப்பில் பெல்ட் இல்லாமல் ஜன்னல் விளிம்பில் தொங்குவதை நான் தினமும் பார்க்கிறேன். அதற்குத் தீர்வு அவர்களுக்குப் பெல்ட் தருவது. பெண்களைத் தடுப்பதால் அந்த ஆண்களில் ஒருவர்கூடப் பிழைக்கப் போவதில்லை.

சட்டமும் இந்தப் பொதுப்புத்தியில் ஊறியதுதான். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு ஓடும் இயந்திரத்தைத் துடைக்கவும் எண்ணெய் போடவும் கூடாதவர்களைச் சொல்லும்போது பெண்ணையும் வயதுவராத பிள்ளைகளையும் ஒரே வரியில் வைத்தது. ஆலையில் பெண்கள் இரவு வேலை செய்வதற்கு இருந்த தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் நீக்க 2000-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தமிழ் வாத்தியார் என்பதால் சொற்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் வயர்மேன், லைன்மேன், ஃபோர்மேன் என்று பெயரிலேயே ஆண் உட்கார்ந்திருக்கிறான். தமிழ்நாட்டு ஐடிஐ அறிவிப்புகளைப் படியுங்கள். பொருத்துநர், கடைசலர், மின்பணியாளர், குளிர்பதனக் கம்மியர். எல்லாம் 'அர்' விகுதி, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. கம்மியர் என்பது சங்கப் பாட்டுக் காலத்துச் சொல். நம் மொழி கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. மறித்துக்கொண்டு நிற்பவர்கள் வேறு ஆட்கள்.

எங்கள் பேட்டையின் பெயரிலும் இதே கதை. கிழக்கிந்தியக் கம்பெனி 1734-ல் நூற்பவர்களையும் நெய்பவர்களையும் குடியேற்றி உண்டாக்கிய ஊர் இது. சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் இப்படித் திரிந்தது என்பார்கள். நூற்றவர்கள் பெரும்பாலும் பெண்களாகத்தான் இருந்திருப்பார்கள். ஊருக்குப் பெயர் கிடைத்தது தறிக்கு, ராட்டைக்கு இல்லை.

இங்கிருந்து திருவல்லிக்கேணிக் கடற்கரைக்கு நடந்தே போகலாம். அங்கே ஐஸ் ஹவுஸ் நிற்கிறது. பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-ல் கட்டியது. இயந்திரத்தில் ஐஸ் செய்யும் முறை வந்ததும் வியாபாரம் படுத்து, கட்டடம் கை மாறியது. பிறகு சகோதரி சுப்பலட்சுமி அதே கட்டடத்தில் பிராமண விதவைப் பெண்களைத் தங்கவைத்துப் படிக்கவைத்தார், ஆசிரியைகள் ஆக்கினார். மூலையில் உட்காரவைக்கப்பட்ட பெண் வெளியே போய்ச் சம்பாதிப்பதை அன்றைக்கு ஊர் எவ்வளவு அசிங்கமாகப் பேசியிருக்கும்! நூறு வருடத்தில் டீச்சர் வேலை பெண்ணுக்கே உரிய கௌரவமான வேலை ஆகிவிட்டது. நான் அந்த மரபில் வந்தவள், அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனாலும் அந்த வாசல் வழியாகப் போகும்போதெல்லாம் ஒன்று தோன்றும். ஐஸ் வைத்த வீட்டிலிருந்து பெண்களுக்கு டீச்சர் வேலை வந்தது, ஐஸ் செய்கிற வேலை மட்டும் வரவில்லை.

பிறகு மத்திய அரசு 1977-ல் பெண்களுக்கென்று தனித் தொழிற்பயிற்சித் திட்டம் கொண்டுவந்தது. அதில் பெண்களை இழுத்துக்கொண்ட பிரிவுகள் எவை? தையல், எம்பிராய்டரி, சுருக்கெழுத்து, முடியும் தோலும் பராமரித்தல். தையலைக் குறைத்துப் பேசவில்லை, என் ஜாக்கெட்டைத் தைக்கும் அக்காவிடம் நான் பேரம்கூடப் பேசுவதில்லை. ஆனால் வீட்டுக்குள் செய்த வேலைக்கே சான்றிதழ் கொடுத்து வீட்டுக்குள்ளேயே திருப்பி அனுப்புவதைப் பயிற்சி என்று எப்படிச் சொல்வது?

இன்று கதவு சட்டப்படி திறந்திருக்கிறது. எலக்ட்ரீஷியன், குளிர்பதனப் பிரிவுகள் இரண்டு வருடப் படிப்பு, பத்தாவது போதும். தமிழ்நாட்டு அரசு ஐடிஐகளில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாயும் உண்டு. அப்படியிருந்தும் ஏன் வருவதில்லை என்று கேட்பவர்களுக்கு, வந்த ஒரு பெண்ணைச் சொல்கிறேன். எங்கள் தெருக்காரி. எலக்ட்ரீஷியன் பிரிவை முடித்துச் சான்றிதழோடு வந்தாள். கடைகடையாக ஏறினாள். ஒரு ஓனர் சொன்னார்: "நீ வந்தா பசங்க வேலை செய்ய மாட்டானுங்கம்மா." இன்னொருவர், "பில் போட வர்றியா?" என்றார். பில் போடப் போனாள். அடுத்த வருடம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு ஆலைக்கு கான்ட்ராக்டில் போய்விட்டாள். இந்தியாவின் ஆலைப் பெண் தொழிலாளர்களில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள் என்று நாம் பெருமை பேசும் கணக்கில் அவளும் ஒரு எண். விடுதிச் சாப்பாடு நஞ்சானது என்று 2021 டிசம்பரில் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தவர்களும் அந்தக் கணக்கில் உள்ளவர்கள்தான்.

பயிற்சிக்கும் வேலைக்கும் நடுவில் இருக்கும் இந்த இடத்தில்தான் பெண்கள் விழுகிறார்கள். மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்று உண்டு. ஐடிஐ போகாதவர்கள் உரிமம் நோக்கிப் போகும் வழி. அதற்கு ஐந்து வருடம் ஒயரிங் வேலை செய்த அனுபவம் வேண்டும். பெண்ணை ஹெல்பராகச் சேர்க்க ஆளில்லாத ஊரில் அந்த ஐந்து வருடத்தை அவள் எங்கே போய் வாங்குவாள்? 1961 அப்ரண்டிஸ் சட்டம், 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் 2.5 முதல் 15 விழுக்காடு வரை அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும் என்கிறது. பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கு அதில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், சரிதான். பெண்களுக்கென்று ஒரு பிரிவு அதில் இல்லை. அதைச் சேர்க்க வேண்டும் என்று கேட்க நமக்கு ஏன் இதுவரை வாய் வரவில்லை?

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஐடிஐ சேரும் பையன் அதற்கு முன்பே பாதி கற்றவன். எட்டு வயதில் சைக்கிள் செயினை மாட்டியிருப்பான். லீவு நாளில் மெக்கானிக் கடையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்திருப்பான். ரிச்சி தெருவில் பழைய ரேடியோவைப் பிரிப்பதை நின்று வேடிக்கை பார்த்திருப்பான். அவனுக்கு முன்பயிற்சியைத் தெருவே இலவசமாகத் தந்துவிடுகிறது. அந்த வயதில் அவள் தெருவில் நின்றால் "இங்க என்னடி வேலை?" என்பார்கள். முதல் நாள் பட்டறையில் அவள் ஹேக்சாவைத் தலைகீழாகப் பிடிப்பதைப் பார்த்துச் சிரிக்கிற வகுப்புக்கு இது தெரியாது. கனடாவின் ஒன்டாரியோவில் அப்ரண்டிஸ் சேருவதற்கு முன்னால் கருவி பழகவும் பட்டறைக் கணக்குப் படிக்கவும் அரசு செலவில் முன்பயிற்சி தருகிறார்கள், பெண்களுக்கென்று தனியாகவும் நடத்துகிறார்கள். இங்கும் ஐடிஐ தொடங்கும் முன் மூன்று மாதம் போதும். சிரிக்க ஆளில்லாத பட்டறையில், சம்பளத்தோடு, ஒரு பெண் பயிற்றுநரிடம். பட்டறையில் பூட்டுப் போட்ட கழிப்பறையும் வேண்டும்.

ஏசி கம்பெனிகள் "தனியாக இருக்கும் பெண்களுக்குப் பெண் டெக்னீஷியன்" என்று விளம்பரம் செய்ய ஒரு நாள் வரலாம். அதை மட்டும் வாங்கிக்கொண்டு திருப்தி அடைந்துவிடாதீர்கள். ஓட்டலின் குளிர்கிடங்கு, மீன் ஏற்றுமதி ஆலை, ஆஸ்பத்திரியின் பெரிய பிளான்ட் என்று சம்பளம் இருக்கும் இடங்களெல்லாம் ஆண்களுக்கே போய்விடும்.

போன மாதம் அந்த ஜவுளிக்கடைப் பெண்ணைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் சங்கடப்பட்டு, "ஐயோ, விடுங்க மேடம்" என்றாள். பெண்களுக்கு அரசு ஐடிஐயில் உச்ச வயது வரம்பு இல்லை, இப்போதும் சேரலாம் என்றேன். கொஞ்சநேரம் கையிலிருந்த புடவையை மடித்துக்கொண்டே இருந்தாள். "சேருறேன் மேடம். ரெண்டு வருஷம் கழிச்சு யார் வேலைக்கு எடுப்பா?"

அதற்காக எங்கள் பேட்டையில் கடைகடையாக ஏறிக்கொண்டிருக்கிறேன். இதுவரை பதினோரு கடை. எட்டுப் பேர் சிரித்தார்கள். இரண்டு பேர் "பார்க்கலாம்" என்றார்கள். ஒருவர், அப்பாவிடம் சின்ன வயதில் வேலை பழகியவர், "அவங்களுக்கு ஃபிளேர் போடத் தெரியுமா?" என்று கேட்டார். செம்புக் குழாயின் வாயை விரித்து இணைப்புக்குத் தயார் செய்வதை அப்படிச் சொல்வார்கள். வேலையைப் பற்றி என்னிடம் யாரும் கேட்ட முதல் கேள்வி அதுதான். கற்றுக்கொண்டு வருவாள் என்று சொல்லியிருக்கிறேன்.